மூன்று வண்டியில் ஐந்து பேர்

சஹனைச் சுற்றி மூன்று பேர் உட்கார வேண்டும். இரண்டு பேர்தான் உட்கார்ந்திருந்தோம்.

சஹன் என்றால் பெரிய வட்டத் தட்டு. நடுவில் பிரியாணி குவிந்திருக்கும். சுற்றி உட்காருகிறவர்கள் அவரவர் பக்கத்திலிருந்து எடுத்துச் சாப்பிட வேண்டும். பூந்தமல்லியில் என் நண்பன் வீட்டில் விருந்து என்றால் இப்படித்தான். அவர்கள் குடும்பத்துக்குப் பூர்வீகம் கீழக்கரை. பஜாரில் பாத்திரக் கடை வைத்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது, ஆனால் சாப்பாட்டு வழக்கம் மட்டும் இன்னும் கடற்கரையை விட்டுக் கிளம்பி வரவில்லை. அவன் தன் அம்மாவை உம்மா என்றும் அப்பாவை வாப்பா என்றும் கூப்பிடுவான். கல்லூரி நாளிலிருந்து நாங்களும் உம்மா என்றே கூப்பிடுகிறோம்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. ஏலகிரிக்கு பைக்கில் போய்விட்டுத் திரும்பி வந்திருந்தோம். மொத்தம் ஐந்து பேர். உம்மா இரண்டு சஹன் வைத்திருந்தார். ஒன்றில் பூந்தமல்லிக்காரனும், ஆவடிக்காரனும், கள்ளிக்குப்பத்தில் எனக்குப் பக்கத்து வீட்டில் இருக்கும் நண்பனும். இன்னொன்றில் பூந்தமல்லிக்காரனின் வாப்பா, நான், தேனிக்காரன். வாப்பா கையைக் கழுவிவிட்டு வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன். மூன்றாவது பக்கம் காலி.

"இன்னொரு தம்பி வரட்டும்" என்றார் வாப்பா. கையை மடியில் வைத்துக்கொண்டார்.

தனித்தனித் தட்டாக இருந்திருந்தால் அவன் பங்கை மூடி வைத்துவிட்டு நாங்கள் பாட்டுக்கு ஆரம்பித்திருப்போம். அவ்வளவு பசி. சஹனில் அது நடக்காது. ஒருவன் வராமல் மற்றவன் கை வைக்கக் கூடாது.

"பாத்ரூம்ல இருப்பான்" என்றான் பூந்தமல்லிக்காரன்.

"பாத்ரூம்ல இருந்துதான்டா நான் வரேன்" என்றான் பக்கத்து வீட்டுக்காரன்.

"மாடில போட்டோ புடிச்சிகினு இருப்பான். கூப்புடு மச்சான், ஊடு ஃபுல்லா பிரியாணி வாசனை, இப்பவா போட்டோ" என்றான் ஆவடிக்காரன்.

பூந்தமல்லிக்காரன் படியேறிப் போனான். இறங்கி வரும்போது அவன் முகத்தில் சிரிப்பு கொஞ்சம் மிச்சம் இருந்தது. "மேல இல்ல. டேய், அவன் யார் வண்டியில வந்தான்?"

"இவன் வண்டியில" என்று நான் ஆவடிக்காரனைக் காட்டினேன்.

ஆவடிக்காரன் என்னைக் காட்டினான். "உன் வண்டியிலதான?"

"நான் சிங்கிள்டா."

"நான்தான் மாமே சிங்கிள்."

அந்த இடத்தில்தான் நான் எழுந்து நின்றேன். ஏனென்றால் எங்கள் கணக்கில் இரண்டு சிங்கிள் வரவே முடியாது.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்களில் மூன்று பேரிடம் வண்டி உண்டு: எனக்கு, பூந்தமல்லிக்காரனுக்கு, ஆவடிக்காரனுக்கு. பக்கத்து வீட்டுக்காரனும் தேனிக்காரனும் பின் சீட். ஆக எப்போதும் ஒருவன் தனியாக ஓட்ட வேண்டும். அவனுக்குப் பெயர் சிங்கிள். நெடுஞ்சாலையில் தனியாக ஓட்டினால் தூக்கம் வரும், பேச்சுத் துணை வேண்டும். அதனால் ஒவ்வொரு இடத்திலும் நிறுத்திக் கிளம்பும்போது பின் சீட்டுக்காரர்கள் வண்டி மாறி ஏறிக்கொள்வார்கள். இது நான் கொண்டு வந்த ஏற்பாடு. பயணம் என்றால் எனக்குத் தலைகால் புரியாது, வழி, சாப்பாடு, யார் யார் பின்னால் என்று எல்லாவற்றுக்கும் ஒரு முறை கண்டுபிடித்துக்கொண்டே இருப்பேன். இந்த முறை இரண்டு நாளும் பிரமாதமாக வேலை செய்தது. யாரும் யாரையும் கூப்பிட வேண்டியதில்லை. ஏறுகிறவன் ஏறுவான், கிளம்புகிறவன் கிளம்புவான். பின்னால் ஆள் இல்லையென்றால் நாம்தான் சிங்கிள் என்று புரிந்துகொண்டு ஆக்சிலேட்டரை முறுக்க வேண்டியது. "வாழ்க்கையிலயும் சிங்கிள், வண்டியிலயும் சிங்கிள்" என்று ஆவடிக்காரன் ஒவ்வொரு தடவையும் சொல்வான், நாங்களும் ஒவ்வொரு தடவையும் சிரிப்போம்.

கடைசியாக நிறுத்தியது செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில்.

அந்தக் காலை எவ்வளவு சோம்பேறித்தனமாக இருந்தது என்பதுதான் இப்போதும் நம்ப முடியாமல் இருக்கிறது. இருட்டோடு ஏலகிரியை விட்டு இறங்கிவிட்டோம். ஆம்பூரில் பிரியாணி வாசனை ரோட்டுக்கே வந்து கையைப் பிடித்து இழுத்தது, ஆனால் நிறுத்தவில்லை. வழியில் எங்கேயாவது பிரியாணி சாப்பிட்டுவிட்டு வந்தால் வீட்டுக்குள் விடமாட்டேன் என்று உம்மா முதல் நாளே சொல்லியிருந்தார். டீயும் பன்னும் மட்டும் உள்ளே போயிருந்தன. ஸ்ரீபெரும்புதூர் தாண்டியதும் நேரம் நிறைய இருப்பது தெரிந்தது. "ஏரிக்கரையில கொஞ்ச நேரம் கட்டைய சாய்ப்போம்" என்றான் பூந்தமல்லிக்காரன். கரைமேல் மரநிழலில் துண்டை விரித்துப் படுத்துவிட்டோம். காற்று அப்படி வந்தது. மறுநாள் ஆபீஸ் என்ற நினைப்பே யாருக்கும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரன் குறட்டை விட்டான், அதை நான் ரெக்கார்டு செய்தேன்.

தேனிக்காரன் படுக்கவில்லை. அவன் எங்கள் ஆபீசில் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. திருவேற்காட்டில் அறை எடுத்துத் தங்கியிருந்தான். எங்களோடு வெளியூர் வருவது இதுதான் முதல் தடவை. ஒரே வயதாக இருந்தாலும் இன்னும் எங்களை வாங்க போங்க என்றுதான் பேசுவான். ஆவடிக்காரன் எத்தனையோ தடவை "டேய்னு கூப்புடு நைனா, காசு ஒண்ணும் கேக்க மாட்டேன்" என்று சொல்லிப் பார்த்துவிட்டான். "சரிங்க" என்பான். கையில் எப்போதும் கேமரா. அன்றும் "பறவை நெறைய இருக்குங்க, எடுத்துட்டு வந்துர்றேன்" என்று சொல்லிவிட்டுக் கரையோரமாக நடந்து போனான். எங்களில் யாரோ ஒருவன் சரி என்றான். யார் என்று பிறகு எவ்வளவு யோசித்தும் தெரியவில்லை.

பசி எடுத்ததும் ஆளாளுக்கு எழுந்து கிளம்பினோம். பக்கத்து வீட்டுக்காரன் பூந்தமல்லிக்காரன் பின்னால் ஏறினான். என் பின்னால் யாரும் இல்லை. ஆவடிக்காரன் அதற்குள் கரையிலிருந்து இறங்கிச் சாலையில் ஏறிவிட்டான். நான் சிங்கிள் என்று நினைத்துக்கொண்டேன். முன்னால் போகிற அவனும் அதையே நினைத்துக்கொண்டு போயிருக்கிறான்.

உம்மா வீட்டுக்கு வந்து அரை மணி நேரம். ஒருவன் குளித்தான், ஒருவன் ஃபேனுக்கு அடியில் படுத்தான், நான் உம்மாவிடம் ஏலகிரி கதை சொன்னேன். எங்களில் ஒருவனுக்குக்கூட, ஒரு நொடிகூட, ஆள் குறைகிறது என்று தோன்றவில்லை. சஹனில் காலியாக இருந்த ஒரு பக்கம் சொல்லித்தான் தெரிந்தது.

"போன் போடு, போன் போடு" என்றான் ஆவடிக்காரன்.

பூந்தமல்லிக்காரன் போட்டான். வாசல் பக்கம் எங்கள் பைகள் குவித்து வைத்திருந்த இடத்திலிருந்து மணி அடித்தது. என் பைக்குள்.

காலையில் டீக்கடையில் "சார்ஜே இல்லைங்க, உங்க பவர் பேங்க்ல கொஞ்சம் போட்டுக்கலாமா?" என்று கேட்டிருந்தான். நானே வாங்கி மாட்டிப் பையில் போட்டிருந்தேன். கையை விட்டு எடுத்தபோது போன் சுடச்சுட இருந்தது, முழு சார்ஜோடு. திரையில் பூந்தமல்லிக்காரன் பெயர். அதற்குக் கீழே, எங்கள் பேச்சிலும் சிரிப்பிலும் யாருக்கும் கேட்காமல் போன அழைப்புகள் வரிசையாக. எல்லாம் ஒரே பெயர். அம்மா.

ஞாயிற்றுக்கிழமை மதியம் எல்லா அம்மாவும்தான் கூப்பிடுவார்கள். என் போனிலும் இரண்டு இருந்தது. அதனால் அதைப் பற்றி அப்போது ஒன்றும் யோசிக்கவில்லை. அவனிடம் போன் இல்லை, போன் இல்லையென்றால் காசும் இல்லை, இந்த வீட்டுக்கு வழியும் தெரியாது என்பது மட்டும் ஒவ்வொன்றாக உறைத்தது.

உம்மா ஒன்றும் கேட்கவில்லை. சஹன்மேல் இன்னொரு தட்டைக் கவிழ்த்தார். "போங்கப்பா, போய்ப் புள்ளையக் கூட்டிட்டு வாங்க. வெயில்ல நிக்கும்."

போகும்போது இன்னும் கொஞ்சம் விளையாட்டாகத்தான் இருந்தது. இரண்டு வண்டியில் நான்கு பேர். நான் பூந்தமல்லிக்காரன் பின்னால். நசரத்பேட்டை சிக்னலில் பக்கத்தில் வந்து நின்ற ஆவடிக்காரன், "நம்மள வாயில வராத வார்த்தைல திட்டிகினே உக்காந்துகினு இருப்பான். ஒருவேளை டேய்னு கூப்புட்டாலும் கூப்புடுவான் இன்னிக்கு" என்றான். பக்கத்து வீட்டுக்காரன் சிரித்தான். என் சட்டைப் பையில் தேனிக்காரனின் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தேன். அம்மா. திரும்பப் பையில் போட்டேன்.

ஏரிக்கரையில் யாரும் இல்லை.

நாங்கள் படுத்திருந்த நிழல் நகர்ந்து போயிருந்தது. பிஸ்கட் கவர் ஒன்று அப்படியே கிடந்தது. அவன் நடந்து போன பக்கமாக நான்கு பேரும் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டே போனோம். கரையின் உட்சரிவில் கல் பாவியிருக்கும், தண்ணீர் வரைக்கும். ஆவடிக்காரன்தான் முதலில் பார்த்தான். பார்த்ததும் கத்துவதை நிறுத்திவிட்டான்.

கல் இடுக்கில் ஒரு செருப்பு. வார் அறுந்திருந்தது. பாதி தண்ணீரில் நனைந்து, அலை வந்து போகும்போது லேசாக அசைந்தது.

"இது அவனோடதா?" என்றான் பூந்தமல்லிக்காரன்.

எங்களுக்குத் தெரியவில்லை. இரண்டு நாள் ஒன்றாக இருந்திருக்கிறோம், அவன் என்ன செருப்பு போட்டிருந்தான் என்று ஒருவனுக்கும் தெரியவில்லை. நீலமா, கறுப்பா, ஷூவா. வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது.

கொஞ்சம் தள்ளித் தண்ணீரில் ஒருவர் தெர்மக்கோல் மிதவையில் உட்கார்ந்து வலையை இழுத்துக்கொண்டிருந்தார். ஆவடிக்காரன் கையை ஆட்டிக் கூப்பிட்டான். "அண்ணாத்தே, இங்க ஒரு பையன் கேமரா வெச்சிகினு சுத்திகினு இருந்தான், பாத்தியா?"

அவர் மிதவையைத் தள்ளிக்கொண்டு பக்கத்தில் வந்தார். "எந்நேரம்?"

"ஒரு மணி நேரம் இருக்கும். அதுக்கு மேல இருக்கும்."

"நான் இப்பத்தான் இந்தாண்ட வந்தேன். ஆளு எப்டி கீறான்? போட்டோ இருந்தா காட்டு."

போட்டோ. நான்கு பேரும் ஒரே நேரத்தில் போனை எடுத்தோம். நான் வேகமாகத் தள்ளிக்கொண்டே போனேன். ஏலகிரி கொண்டை ஊசி வளைவில் நாங்கள் நால்வர். படகுத்துறையில் நால்வர். ஆவடிக்காரன் மரத்தில் தொங்குகிறான், கீழே நாங்கள் மூன்று பேர். இரவு நெருப்பு மூட்டி, நால்வர். எல்லாம் நல்ல நல்ல படம். எடுத்தவன் ஒரு படத்திலும் இல்லை. பூந்தமல்லிக்காரன் போனில் ஒரே ஒரு படத்தில் தரையில் ஒரு நிழல் விழுந்திருந்தது, கேமராவைத் தூக்கிப் பிடித்த கை. அதை அந்த ஆளிடம் காட்ட முடியுமா?

"இல்லண்ணா" என்றேன்.

அவர் செருப்பைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். "நீச்சல் தெரியுமா அவனுக்கு?"

நான்கு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். அவன் எந்தக் காப்பியில் சர்க்கரை குறைவு என்பான், எந்த ஷிஃப்ட் பிடிக்கும், எவ்வளவு பொறுமையாகப் பிழை கண்டுபிடிப்பான், எல்லாம் தெரியும். நீச்சல் தெரியுமா என்று தெரியாது.

அவர் அதற்குமேல் எங்களைக் கேட்கவில்லை. மிதவையில் வைத்திருந்த மூங்கில் கழியை எடுத்தார். செருப்பு கிடந்த இடத்துக்கு நேராகத் தண்ணீருக்குள் விட்டு மெதுவாகத் துழாவ ஆரம்பித்தார். கழி இறங்கும், அடியில் எதையோ தொடும், அவர் தலையைச் சாய்த்துக் கவனிப்பார், பிறகு எடுத்து ஒரு முழம் தள்ளி மறுபடியும் இறக்குவார். பழகிய கை. அது பழகிய கையாக இருந்ததுதான் பயங்கரமாக இருந்தது.

பக்கத்து வீட்டுக்காரன் பேன்ட்டோடு தண்ணீரில் இறங்கினான். இடுப்பளவு போய்விட்டான். அவனுக்கு நீச்சல் தெரியாது, அது எனக்கு நன்றாகத் தெரியும், சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன். நான் கத்தினேன். அவன் திரும்பவில்லை. பூந்தமல்லிக்காரன் போய் அவன் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தான்.

"போலீசுக்குச் சொல்லிடலாம்" என்றான் பூந்தமல்லிக்காரன். "ஃபயர் சர்வீசுக்கும்."

"சொன்னா?" என்றான் ஆவடிக்காரன். "சொன்னா அப்புறம் நெஜமாயிரும்டா." அவன் செருப்பைக் கையில் எடுத்து வைத்திருந்தான். தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

போன் மறுபடியும் அதிர்ந்தது. அம்மா.

நான்கு பேரும் அதைப் பார்த்துக்கொண்டே நின்றோம். மணி அடித்து ஓய்ந்தது. உடனே திரும்ப அடித்தது.

"எடுக்காத" என்றான் ஆவடிக்காரன். "எடுத்து இன்னா சொல்லுவ? உன் புள்ளைய ஏரில உட்டுட்டு நாங்க பிரியாணி துன்ன போனோம்னா?"

"ஆமாடா, மொதல்ல அவன் கெடைக்கட்டும்" என்றான் பக்கத்து வீட்டுக்காரன். அவனுக்குப் பல் அடித்துக்கொண்டிருந்தது.

ஓய்ந்தது. அடித்தது. இவ்வளவு தடவை யாரும் கூப்பிட மாட்டார்கள் என்பது அப்போதுதான் எனக்குப் பட்டது. அந்த அம்மாவுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது என்று நினைத்தேன். பிள்ளைக்கு ஏதாவது என்றால் அம்மாக்களுக்கு உள்ளுக்குள் தெரியும் என்பார்களே, அந்த மாதிரி. படித்த பையன், கம்ப்யூட்டரோடு குடித்தனம் நடத்துகிறவன், அந்த வெயிலில் நின்று அதை முழுசாக நம்பினேன். போலீஸ் வந்தால் அவர்கள் சொல்லத்தான் போகிறார்கள். யாரோ சொல்வதைவிட நாங்கள் சொல்வதே மேல் என்று பட்டது.

எடுத்தேன்.

"அம்மா" என்றேன். அதற்குமேல் வரவில்லை.

அந்தப் பக்கம் ஒரு பெரிய மூச்சு. பிறகு அழுகை. "எடுத்துட்டாகய்யா, எடுத்துட்டாக" என்று யாரிடமோ சொல்வது கேட்டது. "யாருய்யா நீ? நல்லாருக்கியா? மத்த புள்ளைகள்லாம் எங்கய்யா? எங்க விழுந்தீக? எந்த ஆஸ்பத்திரில இருக்கீக?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "ஆஸ்பத்திரி இல்லம்மா. உங்க பையன்…"

"அவன் இருக்கான்யா. அவன்தானே எனக்குப் போன் போட்டான்."

நான் கரையில் உட்கார்ந்துவிட்டேன். ஸ்பீக்கரைப் போட்டேன்.

"ஏதோ தண்ணி லாரிக்காரரு போனுல இருந்து பேசுனான். 'அம்மா, அவுங்க நான் ஏறிட்டேன்னு நெனைச்சுப் போயிட்டாங்க, என் போனு அவுங்க பையிலதான் இருக்கு, நீ அதுல கூப்புட்டு யாராச்சும் எடுத்தா நான் லாரியில வர்றேன்னு சொல்லு, தேடுவாங்க பாவம்'னான். நானும் அப்பப் புடிச்சுக் கூப்புடுறேன். ஒருத்தரும் எடுக்கல. மூணு வண்டியில போன புள்ளைக நாலு பேருல ஒருத்தருகூட எடுக்கலைன்னா நான் என்னன்னுய்யா நெனைக்க? ரோட்டுல எங்கயோ எல்லாரும் கெடக்கீகன்னுதானய்யா நெனைப்பேன்."

தண்ணீரில் கழி இறங்குகிற சத்தம் கேட்டது. அந்த ஆள் இன்னும் துழாவிக்கொண்டிருந்தார். பூந்தமல்லிக்காரன் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி ஆட்டினான். "அண்ணா போதும்ணா, இருக்கான், ஆள் இருக்கான்." அவர் கழியைத் தூக்கி மிதவையில் குறுக்கே வைத்தார். பீடி ஒன்றைப் பற்ற வைத்தார்.

ஒரு மணி நேரமாக அவன் எங்கே இருக்கிறான் என்ற பதில் முதலில் என் பைக்குள்ளும் பிறகு சட்டைப் பையிலும் அதிர்ந்துகொண்டே இருந்திருக்கிறது. அந்தப் பதிலுக்குப் பயந்துகொண்டே நாங்கள் தண்ணீரில் அவனைத் தேடியிருக்கிறோம். அங்கே தேனியில் ஒரு வீட்டில், உயிரோடு இருக்கிற பிள்ளையைப் பற்றித் தெரிந்தும், முகம் தெரியாத நான்கு பேருக்காக ஒரு அம்மா அழுதுகொண்டு இருந்திருக்கிறார்.

"இப்ப எங்கம்மா இருக்கான்?"

"வெளிவட்டச் சாலை திரும்புற எடத்துல லாரிக்காரரு எறக்கி விடுவாருன்னான். நசரத்துப்பேட்டையாம். அதுக்கப்புறம் அந்த லாரிக்காரரு போனைப் போட்டேன், அவரும் எடுக்கல. ஓட்டிக்கிட்டு இருக்காரோ என்னமோ. அவன் எறங்கிட்டானா இல்லையான்னும் தெரியலய்யா."

நசரத்பேட்டை. சிக்னலில் நின்று சிரித்துவிட்டு வந்த இடம். நாங்கள் இந்தப் பக்கம் வர, அவன் அந்தப் பக்கம் லாரியில் போயிருக்கிறான்.

"நாங்க போய்க் கூட்டிக்கிறோம்மா. பாத்ததும் கூப்பிடறேன்."

"வெச்சுராத" என்றார். குரல் மாறிவிட்டது. "நீ வெச்சுட்டா அப்புறம் எடுப்பியோ மாட்டியோ. அவனைக் கண்ணால பாக்குற வரைக்கும் அப்படியே புடிச்சுக்க."

அப்படியே பிடித்துக்கொண்டேன். பூந்தமல்லிக்காரன் ஓட்ட, நான் பின்னால் போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கன்டெய்னர் லாரிகளின் ஹாரன் எல்லாம் தேனி வரைக்கும் போயிருக்கும். நடுநடுவே "இருக்கியாய்யா?" என்று கேட்பார். "இருக்கேம்மா, போய்ட்டு இருக்கோம்" என்பேன். வேறு பேச்சு இல்லை.

அவன் கதை பிறகு தெரிந்தது. கல் சரிவில் இறங்கிப் பறவையைப் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது கால் வழுக்கி வார் அறுந்திருக்கிறது. செருப்பை எடுக்க எட்டவில்லை. மேலே ஏறி வந்து பார்த்தால் கடைசி வண்டி திரும்பிக்கொண்டிருக்கிறது. கூப்பிட்டிருக்கிறான். எங்கள் ஹெல்மெட்டுக்குள் ஒன்றும் கேட்கவில்லை. கொஞ்ச தூரம் ஒற்றைச் செருப்போடு ஓடி, அதையும் கழற்றிவிட்டு ஓடியிருக்கிறான். சாலையோரம் லாரி ஒன்று தண்ணீர் நிரப்பிக்கொண்டு நின்றிருந்தது, அது கிளம்பவே முக்கால் மணி நேரம் ஆகியிருக்கிறது. டிரைவர் போனைக் கொடுத்ததும்தான் அவனுக்கு உறைத்திருக்கிறது, எங்கள் நம்பர் ஒன்றும் தெரியாது. என்னைக் கேட்டாலும் என் நம்பரைத் தவிர யாருடையதும் தெரியாது. புதிதாக வாங்கிய தன் நம்பரே அவனுக்கு இன்னும் பழகவில்லை, மனப்பாடமாக இருந்தது அம்மாவின் நம்பர் ஒன்றுதான்.

நசரத்பேட்டையில் வெளிவட்டச் சாலைப் பாலத்துக்கு அடியில், தூண் நிழலில் அவன் உட்கார்ந்திருந்தான். வெறுங்கால். மடியில் கேமரா. எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றான். கோபம் வரும், கத்துவான், ஒரு அறைகூட விடுவான் என்று நான் எதிர்பார்த்தேன், விட்டால் வாங்கிக்கொள்ளலாம் என்றும் இருந்தது.

"சாரிங்க" என்றான் அவன். "உங்க எல்லாருக்கும் வீண் அலைச்சல். சாப்பிட்டீங்களா?"

அதைக் கேட்டு எனக்கு வந்த அதிர்ச்சி செருப்பைப் பார்த்தபோது வந்ததைவிடப் பெரிது. நான் இறங்கியதும் பூந்தமல்லிக்காரன் ஸ்டாண்ட் போடாமலே இறங்கினான், வண்டி சாய்ந்து விழுந்தது, யாரும் தூக்கவில்லை. ஓடிப் போய்த் தேனிக்காரனைப் பிடித்துக்கொண்டான். பிடித்த பிடியில் தேனிக்காரனின் கேமரா அவன் நெஞ்சில் குத்தியிருக்கும், விடவில்லை.

நான் போனை நீட்டினேன். "உங்கம்மா. லைன்லதான் இருக்காங்க."

அவன் வாங்கிக் காதில் வைத்தான். "அம்மா… ஆமாம்மா… இல்லம்மா, ஒண்ணும் ஆகல… எல்லாரும் இருக்காங்கம்மா. நாலு பேரும். பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்." கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு கூச்சத்தோடு எங்களைப் பார்த்தான். "நம்ப மாட்டேங்கிறாங்க. அவங்களைச் சமாதானப்படுத்தச் சொல்றேனாம். உங்க குரலைக் கேக்கணுமாம். ஒவ்வொருத்தராப் பேசணுமாம்."

ஸ்பீக்கரைப் போட்டு நடுவில் நீட்டினான். மேலே பாலத்தில் வண்டிகள் ஓடுகிற அதிர்வு தூணில் இறங்கி வந்தது.

"மொதல்ல எடுத்த தம்பி?"

"இருக்கேம்மா" என்றேன்.

பூந்தமல்லிக்காரன் குனிந்து வாயைப் போனுக்குப் பக்கத்தில் கொண்டு போனான். "நானும் நல்லா இருக்கேம்மா. மன்னிச்சுக்குங்க."

"மன்னிப்பெல்லாம் இருக்கட்டும்யா. அடுத்து?"

பக்கத்து வீட்டுக்காரனின் பேன்ட்டிலிருந்து இன்னும் ஏரித் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. வாயைத் திறந்தான், மூடினான். மறுபடி திறந்து, "நான் இங்கதாம்மா இருக்கேன்" என்றான். அது அவன் குரல் மாதிரியே இல்லை.

"மூணு ஆச்சு. இன்னொரு புள்ள எங்க?"

ஆவடிக்காரன் திரும்பி நின்றுகொண்டிருந்தான். விழுந்து கிடந்த பூந்தமல்லிக்காரன் வண்டியையே பார்த்துக்கொண்டு, எங்களுக்கு முதுகைக் காட்டியபடி. நாள் முழுக்க வாய் மூடாதவன். தேனிக்காரன் போனோடு அவன் பக்கமாக நடந்து போனான், சூடான தாரில் வெறுங்காலை மாற்றி மாற்றி வைத்தபடி. போனை அவன் முகத்துக்கு நேராகப் பிடித்தான்.

"பேசுங்க" என்றான்.

அவன் முகத்தை இன்னும் திருப்பிக்கொண்டான்.

"தம்பி?" என்றது போன். "நாலாவது தம்பி? இருக்கியாய்யா?"

தேனிக்காரன் அவன் தோளைத் தொட்டான். "பேசுடா" என்றான்.

ஆவடிக்காரன் புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டான். "கீறேம்மா" என்றான். பிறகு, அது போதாது என்பது போல, இன்னும் கொஞ்சம் சத்தமாக, "இங்கதாம்மா கீறேன்."